குடல் ஒப்பரேசனுக்குப் பிறகு காயம் ஆற வைக்கும் சாப்பாடு

(வெலிமடைப் பகுதித் தோட்டமொன்றின் பிள்ளை மடுவத்தில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



அந்திக் கொழுந்து நிறுத்த கையோடு, வீட்டுக்கும் போகாமல் நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். அடுப்பு மூட்ட நேரமாகிறது என்பதும் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். வயிற்றிலே, குடலிலே ஒப்பரேசன் செய்துகொண்டு வீட்டுக்கு வந்தவருக்கு என்ன சாப்பாடு கொடுப்பது? வெட்டின காயம் எதனால் ஆறுகிறது? கடையில் விற்கிற சத்து மா டின்னை கடன்பட்டு வாங்கத்தான் வேண்டுமா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்வதுதான் இன்றைய பேச்சு.

குடல் ஒப்பரேசன் என்றால் ஏதோ பட்டணத்து வியாதி என்று யாரும் நினைக்க வேண்டாம். குடல்வால் வெடிக்கிறது. குடலிறக்கம் இறுகிக்கொள்கிறது. வயிற்றுப்புண் முற்றி ஓட்டை விழுகிறது. பெருங்குடலில் புற்றுநோய் வந்து ஒரு துண்டை வெட்டியெடுக்க வேண்டி வருகிறது. இதெல்லாம் நம் லயங்களிலும் நடக்கிறது. வெலிமடை ஆஸ்பத்திரியில் காட்டி, பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கோ தியத்தலாவைக்கோ அனுப்பப்பட்டவர்கள் அநேகமாக ஒவ்வொரு டிவிசனிலும் இருப்பார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வெட்டுவதற்கும் தைப்பதற்கும் நம்மிடம் காசு வாங்குவதில்லை. டொக்டர்மார், தாதிமார் தங்கள் வேலையைச் செய்துவிடுகிறார்கள். ஆனால் வாட்டை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து மிச்ச வேலை நம் வீட்டு அடுப்பில்தான் இருக்கிறது.

வீடு வீடாகப் போகும்போது நாம் இரண்டு விதமான காட்சியைப் பார்க்கிறோம். ஒரு வீட்டில் ஒரு மாதமாக வெறும் சோற்றுக் கஞ்சியும் பாணும் பிளேன்டீயும்தான். "முட்டை குடுத்தா சீழ் வைக்கும், கருவாடு குடுத்தா கிரந்தி" என்று பாட்டி சொல்லிவிட்டார். இன்னொரு வீட்டில் தோட்டை அடகு வைத்து ஒரு டின் சத்து மா வாங்கியிருக்கிறார்கள். அது முடிந்துவிடுமே என்று பயந்து ஒரு நாளைக்கு இரண்டு கரண்டி மட்டும் கரைத்துக் கொடுக்கிறார்கள். இரண்டு வீட்டிலும் அன்புக்குக் குறைச்சலில்லை. ஆனாலும் இரண்டு நோயாளியும் பட்டினியாகத்தான் கிடக்கிறார்கள்.

காயம் எப்படி ஆறுகிறது

வெட்டின இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. அடுத்த சில நாட்களில் அந்த இடம் வீங்கி, சூடாகி, அழுக்கையும் கிருமியையும் உடம்பே சுத்தம் செய்கிறது. அதற்குப் பிறகு புதுச் சதை கட்டுகிற வேலை தொடங்கி மூன்று வாரம் வரை மும்முரமாக நடக்கும். அதற்கப்புறம் அந்தச் சதை முறுக்கேறி உறுதியாக ஒரு வருடம்கூட எடுக்கும்.

வெளியே தோல் ஒட்டிக்கொண்டதைப் பார்த்து "ஆறிப்போச்சு" என்று சொல்லிவிடுகிறோம். தையல் வெட்டும்போது உள்ளே உறுதி மிகக் குறைவு. மூன்று வாரத்தில் பழைய தோலின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வந்திருக்கும். ஆறு வாரத்தில் சுமார் பாதி. எத்தனை மாதம் போனாலும் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் வருவதில்லை.

குடலை வெட்டி இணைத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு காயம் உள்ளே இருக்கிறது. முதல் சில நாட்கள் அந்த இணைப்பு மிகவும் பலவீனமானது. அது விட்டுப்போய்க் கசிவதென்றால் பெரும்பாலும் ஐந்தாம், ஆறாம், ஏழாம் நாள் அளவில்தான் தெரியவரும். டொக்டர்மார் அந்த நாட்களில் வயிற்றை அடிக்கடி தொட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

இந்தப் புதுச் சதையை உடம்பு எதைக் கொண்டு கட்டுகிறது? புரதச்சத்தைக் கொண்டு. புரதம் கல் என்றால் விற்றமின் சீ சீமெந்து மாதிரி. கல் இல்லாமலும் சுவர் எழும்பாது, சீமெந்து இல்லாமலும் நிற்காது. இரும்புச்சத்து, நாகச்சத்து, விற்றமின் ஏ ஆகியவையும் வேண்டும். இவற்றோடு வயிறு நிறைய மாச்சத்தும் கொஞ்சம் கொழுப்பும் வேண்டும். ஏனென்றால் சக்திக்குச் சாப்பாடு போதாவிட்டால், விறகில்லாத வீட்டில் கூரை மரத்தைப் பிடுங்கி எரிப்பது போல, உடம்பு தன் சதையையே எரித்துவிடும். காயத்துக்குப் போக வேண்டிய புரதம் அடுப்புக்குப் போய்விடும்.

இது அறிந்த விஷயம்தான்

1936ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டட்லி என்ற சத்திரசிகிச்சை டொக்டர், வயிற்றுப்புண்ணுக்கு ஒப்பரேசன் செய்த 46 பேரின் கணக்கைப் பார்த்தார். ஒப்பரேசனுக்கு முன்னமே தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இளைத்துப் போயிருந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்துபோனார். அவ்வளவு இளைக்காதவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. வித்தியாசம் உடம்பிலிருந்த சத்தில் இருந்தது.

அடுத்தது 1939இல் பொஸ்டன் நகரத்தில் கிராண்டன் என்ற இளம் டொக்டர் தன் உடம்பிலேயே செய்து பார்த்த பரீட்சை. அவர் மாதக்கணக்காகக் காய்கறி, பழம் எதுவும் இல்லாமல் விற்றமின் சீ அற்ற சாப்பாட்டையே சாப்பிட்டார். மூன்று மாதம் கழித்து முதுகில் ஒரு வெட்டுப் போட்டுப் பார்த்தார்கள். அது ஒழுங்காக ஆறியது. ஆறு மாதம் கழித்து இன்னொரு வெட்டுப் போட்டார்கள். மேலே தோல் மூடினாலும் உள்ளே ஆறவேயில்லை. விற்றமின் சீயை ஊசி வழியாகக் கொடுத்த பிறகுதான் அந்தக் காயம் ஆறியது.

இந்த இரண்டு கதையிலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. உடம்பில் சேமிப்பு இருக்கும்வரை காயம் ஆறும். சேமிப்புத் தீர்ந்த உடம்பில் நல்ல தையலும் பலிக்காது. நம் தோட்டங்களில் அந்தச் சேமிப்பு குறைவு. 2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதியில் நூற்றுக்கு 31க்கும் மேல். சின்ன வயதிலேயே குறைச்சலோடு தொடங்குகிறோம். ஆகவே ஒப்பரேசனுக்கு நாள் குறித்தவர், ஆறு மாதத்தில் தன்னறியாமல் ஐந்து கிலோ அளவுக்கு இளைத்திருந்தால், அதை முன்கூட்டியே டொக்டரிடம் சொல்ல வேண்டும். அவசரமில்லாத ஒப்பரேசனாக இருந்தால், ஒன்றிரண்டு கிழமை உடம்பைத் தேற்றிவிட்டுச் செய்வதுண்டு.

பத்தியம் என்ற பெயரில்

பெரியவர்கள் சொன்ன எல்லாவற்றையும் நாம் தள்ளிவிடச் சொல்லவில்லை. ஒப்பரேசன் முடிந்தவுடன் காரம், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு என்றார்கள். அது சரி. ஆனால் முட்டை, மீன், கருவாடு, பருப்பு எல்லாவற்றையும் கிரந்திச் சாமான் என்று ஒதுக்கினால் காயத்துக்கு மிஞ்சுவது என்ன? கஞ்சித் தண்ணீர் மட்டும்தான்.

சீழ் வைப்பது கிருமியினால். முட்டையினால் அல்ல. சத்தில்லாத உடம்பு கிருமியை எதிர்க்க மாட்டாது, அதனால்தான் சீழ் வைக்கிறது. ஏதாவது ஒரு சாப்பாடு முன்னமே ஒத்துக்கொள்ளாமல், அரிப்பும் தடிப்பும் வந்தவராக இருந்தால் அவர் மட்டும் அதை விட்டுவிடலாம். மற்றவர்களுக்கு அந்தத் தடை வேண்டாம்.

எப்போது சாப்பிடத் தொடங்குவது? முந்தைய காலத்தில் வாயு பிரியும்வரை நாட்கணக்காக வாயில் ஒன்றும் வைக்க விடமாட்டார்கள். 1990களில் டென்மார்க் நாட்டு டொக்டர் கெலெட் என்பவரும் அவரைப் பின்பற்றியவர்களும், நோயாளியைச் சீக்கிரம் எழுப்பி நடக்க வைத்து, சீக்கிரம் சாப்பிடவும் கொடுத்தால் நல்லது என்று காட்டினார்கள். இப்போது பல ஒப்பரேசன்களில் முதல் நாளிலேயே நீராகாரம் தொடங்குகிறார்கள். ஆனால் எல்லாருக்கும் ஒரே சட்டமில்லை. ஓட்டை விழுந்த குடலுக்கும் சாதாரணக் குடல்வாலுக்கும் வித்தியாசம் உண்டு. ஆகவே வாட்டில் இருக்கும்வரை டொக்டர் சொல்கிற நேரத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். பார்க்கப் போகிறவர்கள் பையில் பலகாரம் ஒளித்துக்கொண்டு போவது கூடவே கூடாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு

சாதாரண நாளில் ஒருவருக்கு உடம்பின் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவான புரதம் போதும். பெரிய ஒப்பரேசனுக்குப் பிறகு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை வேண்டும். ஐம்பது கிலோ உள்ளவருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 75 கிராம் என்று கணக்கு. இதை வீட்டுச் சாமான்களில் பார்ப்போம்.

இரண்டு முட்டையில் 12 கிராம்.
பருப்பு 50 கிராம், அதாவது வேகவைக்காமல் ஒரு சிறங்கைக்குச் சற்றுக் கூட, 12 கிராம்.
தோல் நீக்கிய பாசிப்பயறு 50 கிராம், இன்னொரு 12 கிராம்.
நெத்தலிக் கருவாடு 20 கிராமில் சுமார் 10 கிராம்.
பால்மா 30 கிராம், இரண்டு கோப்பைக்கு, 7 கிராம்.
ஒரு நாளில் தின்கிற சோறு, ரொட்டியில் சுமார் 20 கிராம்.

கூட்டிப் பாருங்கள், 70க்கு மேல் வருகிறது. டின் எதுவும் இதில் இல்லை. ஆட்டுப்பால், மாட்டுப்பால் வீட்டில் இருந்தால் பால்மாவும் வேண்டாம். கருவாட்டுக்குப் பதிலாக டின் மீனோ கோழியிறைச்சியோ சோயாமீற்றோ சேர்க்கலாம். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குப் பருப்பு, பயறு, தயிர், சோயா போதும்.

குடல் ஒப்பரேசனானபடியால் பக்குவத்தில் கவனம் வேண்டும். முதல் சில வாரங்களில் தோல், விதை, நார் அதிகமுள்ளவற்றைக் குறைக்கச் சொல்வார்கள். பருப்பைக் குழைய வேகவைத்து மசியுங்கள். நெத்தலியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து உப்பைக் கழுவி, வறுத்து இடித்துத் தூளாக்கிக் கஞ்சியில் கலக்கலாம். முட்டையை அவித்து மசித்துச் சோற்றோடு கொடுக்கலாம். கஞ்சிதான் இறங்குகிறது என்றால் கஞ்சியே கொடுங்கள். ஆனால் அதில் பருப்பும் முட்டையும் ஒரு கரண்டி தேங்காய்ப்பாலும் சேர்ந்திருக்க வேண்டும். மூன்று வேளை நிறையக் கொடுப்பதைவிட ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது நல்லது.

விற்றமின் சீக்கு எங்கேயும் போக வேண்டாம். ஆரஞ்சுப் பழத்தைப் போல நாலு மடங்கு விற்றமின் சீ கொய்யாவில் இருக்கிறது. முதல் வாரங்களில் விதை ஆகாது, ஆகவே கரைத்து வடித்துக் கொடுக்கலாம். பப்பாசிப் பழம் அப்படியே கொடுக்கலாம். தேசிக்காய்ச் சாற்றை ஆறிய தண்ணீரில் பிழியுங்கள். கொதிக்கிற தண்ணீரில் பிழிந்தால் விற்றமின் வீணாகும். வெலிமடை மண்ணில் விளைகிற கரட்டில் விற்றமின் ஏக்கான சத்து நிறைய இருக்கிறது. தோல் சீவி, வேகவைத்து மசித்து, துளி எண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேர்த்தால்தான் உடம்பில் பிடிக்கும். நம் தோட்டத்தைச் சுற்றி லொறி லொறியாக மரக்கறி கொழும்புக்குப் போகிறது. நோயாளி வீட்டுச் சட்டியில் ஒரு கரட் விழ வேண்டாமா?

டின் வாங்கலாமா

கடையில் விற்கிற சத்து மாவை நாம் குறை சொல்லவில்லை. சரியான ஆளுக்கு அது மருந்து. வாயால் கெட்டிச் சாப்பாடு இறங்காதவர், மிகவும் இளைத்துப் போனவர், புற்றுநோய்க்கு மருந்தேற்றுகிறவர் இப்படியானவர்களுக்கு டொக்டரே எழுதிக் கொடுப்பார். அப்போது, எந்த வகை, எத்தனை கரண்டி, எத்தனை வேளை, எத்தனை நாள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அதைச் சாப்பாட்டுக்கு இடையில் கொடுக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது. தண்ணீராகக் கரைத்து நாட்களை நீட்டுவதில் பிரயோசனமில்லை.

ஆனால் வாயால் நன்றாகச் சாப்பிட முடிந்தவருக்கு? அந்த மாவில் பல வகைகளில் ஒரு கிளாசில் கிடைக்கிற புரதம் 8, 9 கிராம். கிட்டத்தட்ட ஒன்றரை முட்டை. ஒரு டின்னுக்குப் பல நாள் கைச்சம்பளம் போய்விடுகிறது. அந்தக் காசில் எத்தனை முட்டை, எத்தனை கிலோ பருப்பு வரும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். மோல்ட் வகைகளில் பெரும்பங்கு மாவும் சீனியும்தான். குளுக்கோஸ் தூள் முழுக்கச் சீனியே. பார்க்க வருகிறவர்கள் அந்த டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வருவதைவிட நாலு முட்டை கொண்டுவந்தால் பெரிய உபகாரம்.

விற்றமின் மாத்திரையும் இப்படித்தான். குறைபாடு உள்ளவருக்கு அது உதவும். குறைபாடில்லாதவர் கூடக் கூட விழுங்கினால் காயம் வேகமாக ஆறாது. மிஞ்சின விற்றமின் சீ சிறுநீரில் போகும். நாகச்சத்து அளவுக்கு மீறினால் உடம்பிலுள்ள செப்புச்சத்தைக் குறைத்துவிடும்.

இன்னொரு விஷயத்தைத் தாய்மார்களிடம் அழுத்திச் சொல்கிறோம். கிளினிக்கில் கிடைக்கிற திரிபோஷா நல்ல சத்து மாதான். சோளம், சோயா, பால்மா சேர்ந்தது. 1973ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் கொடுத்து வருகிறார்கள். ஆனால் அது கர்ப்பிணித் தாய்க்கும், பாலூட்டும் தாய்க்கும், எடை குறைந்த பிள்ளைக்கும் அளந்து கொடுப்பது. வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று பிள்ளையின் பைக்கட்டைப் பிரித்துவிடாதீர்கள். ஒருவரின் காயத்தை ஆற்றப் பிள்ளையின் வளர்ச்சியை எடுக்கக் கூடாது. அதேபோல், நோயாளிக்காக வாங்கின முட்டையைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, "எனக்குப் பசியில்ல" என்று சொல்கிற தாய்மாரும் இருக்கிறார்கள். அம்மா, நீங்கள் எழும்பினால்தான் அந்தப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. அந்த ஆறு வாரம் அந்த முட்டை உங்களுடையது.

வயிற்றில் பை வைத்தவர்கள்

சிலருக்குக் குடலை வயிற்றின் மேலே கொண்டுவந்து பை பொருத்தியிருப்பார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பலருக்கு இது தற்காலிகம்தான். சிறுகுடலிலிருந்து வைத்த பை என்றால் தண்ணீரும் உப்பும் நிறைய வெளியேறும். பை அடிக்கடி நிறைந்தால் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருப்பது பிழை. உப்பு இன்னும் குறைந்து தலைசுற்றும். ஜீவனியைப் பைக்கட்டில் சொன்ன அளவுப்படி கரைத்துக் குடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இவர்கள் பொலஸ், சோளம், காளான், தேங்காய்ச் சொட்டு போன்றவற்றை விழுங்கினால் அடைத்துக்கொள்ளும். சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டியெடுத்தவருக்கு விற்றமின் பீ 12 உடம்பில் சேராமல் போகலாம். அதற்கு ஊசி உண்டு. கிளினிக் நாளைத் தவற விடாதீர்கள்.

தேயிலை, வெற்றிலை, சீனி

தேயிலையில் வாழ்கிற நம்மிடம் தேயிலையைக் குடிக்காதே என்று யார் சொல்வது? குடியுங்கள், ஆனால் சாப்பாட்டோடு வேண்டாம். இரும்புச்சத்தை அது பிடித்துக்கொள்ளும். ஒரு மணித்தியாலம் விட்டுக் குடியுங்கள்.

சுருட்டு, பீடி, சிகரெட் காயத்துக்குப் போகிற இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. நாள் குறித்த ஒப்பரேசன் என்றால் நாலு வாரத்துக்கு முன்னமே நிறுத்த வேண்டும். புகையிலை போட்ட வெற்றிலையும் சாராயமும் கசிப்பும் அப்படியே.

நீரிழிவு உள்ளவர்கள் சீனியைக் கட்டுப்பாட்டில் வைக்காவிட்டால் காயம் ஆறாது. அவர்கள் சத்து மாவைத் தாங்களாக வாங்கிக் குடிக்கக் கூடாது. சிறுநீரக வியாதி உள்ளவர்களும் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. நம் பதுளை மாவட்டத்தில் கிராந்துருக்கோட்டைப் பக்கம் அந்த வியாதி அதிகம். அங்கே சொந்தக்காரர் இருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

மலைக்குப் போவது எப்போது

நாம் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். தையல் வெட்டின மறு கிழமையே, பேர் போய்விடும் என்று கொழுந்துக்குப் போகிறார்கள். அரைப்பேர் கிடைத்தாலும் போதும் என்கிறார்கள். ஆறு வாரத்தில் பாதிப் பலம்தான் என்று முன்பு சொன்னோம். அதற்கு முன்னால் கொழுந்துச் சாக்கையோ, விறகுக்கட்டையோ, தண்ணீர்க் குடத்தையோ தூக்கினால் உள்தையல் விட்டு, அந்த இடத்தில் குடல் பிதுங்கும். பிறகு அதற்கும் ஓர் ஒப்பரேசன். ஆறு வாரச் சம்பளத்தைக் காப்பாற்றப் போய் ஆறு மாதச் சம்பளத்தை இழக்கிறோம்.

ஆகவே மருத்துவச் சான்றிதழைப் பத்திரமாக வைத்துத் தோட்டக் காரியாலயத்தில் கொடுங்கள். எத்தனை நாள் ஓய்வு, எப்போது இலகுவான வேலை, எப்போது கவ்வாத்து, முள்ளுக்குத்து என்று டொக்டரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். பேச வேண்டிய இடத்தில் உங்களோடு வந்து பேச நாங்கள் இருக்கிறோம். வீட்டில் குடம் தூக்க, விறகு பொறுக்க அக்கம்பக்கத்தார் முறை வைத்து உதவ வேண்டும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் லயமே ஒன்றாக நிற்கிறதே, இதற்கும் நிற்கலாம். அதற்காக நோயாளி படுத்தே கிடக்கக் கூடாது. வாசலிலும் ரோட்டிலும் தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாத அடையாளங்கள்

காய்ச்சல், குளிர் நடுக்கம். வயிறு உப்பிக் கல் மாதிரி ஆவது. வலி நாளுக்கு நாள் கூடுவது. விடாத வாந்தி. மலமும் வாயுவும் நின்றுபோவது. காயம் சிவந்து வீங்கிச் சீழோ மலம் போன்ற தண்ணீரோ வடிவது. தையல் விட்டுத் திறப்பது. இவற்றில் ஒன்று கண்டாலும் மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டிருக்காதீர்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள். தோட்ட டிஸ்பென்சரிக்கு அறிவியுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

பேச்சை முடித்துக்கொள்கிறோம். உங்கள் லயத்தில் ஒப்பரேசன் செய்துகொண்டு யாராவது வந்தால் முதல் வேலையாக அந்த வீட்டுச் சட்டியைப் பாருங்கள். பருப்பு வேகிறதா, முட்டை இருக்கிறதா, பழம் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எங்களிடம் வந்து சொல்லுங்கள். சந்தேகம் உள்ளவர்கள் இப்போதே கேட்கலாம்.